வண்டியைக் கொண்டுசெல்லும் செலவு யாருடையது?

கார் உற்பத்தி நிறுவனங்களின் அங்கீகாரம் பெற்ற இந்திய விற்பனை முகவர்களில், அதாவது டீலர்களில், பலர் வாடிக்கையாளரின் வீட்டிலிருந்து வண்டியை எடுத்துச் சென்று, வேலை முடிந்தபின் திரும்பக் கொண்டுவந்து விடும் 'பிக்கப் டிராப்' ஏற்பாட்டுக்குச் சர்வீஸ் கட்டணத்துக்கு மேல் தனித்தொகை வாங்குகின்றனர். விரும்பியவரே இதைப் பயன்படுத்துகிறார், பயன்படுத்தியவரே பணம் தருகிறார், ஓட்டுநர் கூலியும் எரிபொருளும் உண்மையான செலவுகள், அச்செலவைப் பயன்படுத்தாதவர் தலையில் கட்டுவது முறையன்று என்பது இதற்குக் கூறப்படும் நியாயம். கேட்டவுடன் ஒப்புக்கொள்ளத் தோன்றும் இவ்வாதம், வாடிக்கையாளரின் வசதிக்காக நடக்கும் போக்குவரத்தையும், உற்பத்தியாளர் விட்ட குறையைச் சரிசெய்வதற்காக நடக்கும் போக்குவரத்தையும் ஒன்றாகக் கலந்துவிடுகிறது. அக்கலப்பே இதன் அடிப்படைப் பிழை.

முதலில், விருப்பம் என்ற சொல்லை எடுத்துக்கொள்ளலாம். உத்தரவாதக் காலத்தில், அதாவது வாரண்டி நடப்பில் உள்ளவரை, கார் உரிமையாளர் தம் தெருமுனையில் உள்ள மெக்கானிக்கிடம் வண்டியை விடத் தயங்குகிறார். வெளியில் கைவைத்தால் வாரண்டி போய்விடும் என்ற அச்சமே அதற்குக் காரணம். இந்த அச்சம் தானாக முளைத்ததன்று. இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்ட் 25 அன்று 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் 2,544.64 கோடி ரூபாய் அபராதம் விதித்து வழங்கிய ஆணையில், உதிரிபாகங்களையும் பழுதறியும் கருவிகளையும் வெளிச்சந்தைக்குத் தராமல் வைத்திருந்ததைக் கண்டித்ததோடு, தனிப்பட்ட பட்டறையில் வேலை பார்த்தாலே வாரண்டி ரத்தாகும் என்ற பொத்தாம்பொதுவான நிபந்தனையை விதிக்கக் கூடாது என்றும் கூறியது. அவ்வாணை மேல்முறையீட்டுக்குச் சென்றது. எனினும் உரிமையாளர் எவ்வாறு ஒரே வாசலுக்குத் திருப்பிவிடப்பட்டார் என்பதை அது பதிவுசெய்துள்ளது. அந்த வாசல் எங்கே இருக்கிறது என்பதும் அவர் கையில் இல்லை. ஷோரூம் நகரின் பிரதான சாலையில் இருக்க, சர்வீஸ் பட்டறை தொழிற்பேட்டையிலோ புறவழிச்சாலை ஓரத்திலோ அமைவது பெருநகரங்களில் இயல்பு. வாடகை குறைந்த இடத்தைத் தேர்ந்தெடுத்த இலாபம் டீலரைச் சேர, அதனால் நீண்ட தூரத்தின் செலவு மட்டும் வாடிக்கையாளரின் 'விருப்பம்' ஆகிவிடுகிறது.

ஒருவர் செலவை இன்னொருவர் சுமக்கக் கூடாது என்ற இரண்டாவது வாதம் தன் அளவுகோலைத் தானே முழுமையாகப் பின்பற்றுவதில்லை. பட்டறையின் காத்திருப்பு அறையில் குளிர்சாதனமும் தொலைக்காட்சியும் காப்பி இயந்திரமும் உள்ளன. அங்கே உட்கார்ந்திருப்பவர்கள் மட்டுமே அவற்றைப் பயன்படுத்துகின்றனர். ஆனால் அவற்றின் செலவு எல்லாருடைய லேபர் கட்டணத்திலும், அதாவது வேலைக்கூலியிலும், கலந்தே இருக்கிறது. இதை யாரும் அநீதி என்று சொல்வதில்லை, ஏனெனில் அது தொழில் நடத்துவதற்கான பொதுச்செலவு. பிக்கப் ஏற்பாடும் பெருமளவுக்கு அத்தகையதே. காலையில் எல்லா வண்டிகளும் ஒரே நேரத்தில் வாசலில் குவியாமல், வேலைமேடை காலியாகும் வரிசைக்கேற்ப அவற்றை வரவழைக்க அது டீலருக்கு உதவுகிறது. மேலும், உண்மையான செலவே அளவுகோல் என்றால் கட்டணம் தூரத்துக்கேற்ப மாற வேண்டும். மூன்று கிலோமீட்டருக்கும் பதினைந்து கிலோமீட்டருக்கும் ஒரே தொகை வாங்கும் இடத்தில் அருகில் இருப்பவர் தொலைவில் இருப்பவரின் செலவைத்தான் சுமக்கிறார்.

இலவச சர்வீஸுக்கு வருபவர் வேலைக்கூலியே தராதபோது வண்டியை எடுத்துவருவதற்குச் சிறு தொகை கேட்பதில் தவறில்லை என்றும் கூறப்படுகிறது. அந்தச் சர்வீஸ்களின் கூலி, கார் வாங்கும்போதே விலைக்குள் அடங்கிவிட்டது. எண்ணெய்க்கும் வடிகட்டிக்கும் அப்போதும் பணம் வாங்கப்படுகிறது. முன்கூட்டியே செலுத்திய ஒன்றைச் சலுகையாகக் காட்டி அதன்மேல் இன்னொரு கட்டணத்தை ஏற்ற இயலாது.

இவற்றைவிடக் கனமானது, வாரண்டிப் பழுதும் திரும்பப் பெறுதலும் பற்றியது. திரும்பப் பெறுதல் என்பது, உற்பத்தியில் நேர்ந்த குறையைச் சரிசெய்வதற்காக விற்ற வண்டிகளை நிறுவனமே பட்டறைக்கு அழைப்பது. பேச்சு வழக்கில் ரீகால். 2021 செப்டம்பரில் மாருதி சுசுகி தன் பெட்ரோல் வண்டிகளில் 1,81,754 வண்டிகளை, மின்மோட்டாரும் ஜெனரேட்டரும் சேர்ந்த ஓர் அலகைச் சோதிப்பதற்காக, இவ்வாறு அழைத்தது. பாகம் மாற்றப்படும்வரை தண்ணீர் தேங்கிய இடங்களில் ஓட்ட வேண்டாம் என்றும் உரிமையாளர்களுக்கு அறிவுறுத்தப்பட்டது. இத்தகைய அழைப்பு வரும்போது உரிமையாளர் எந்த வசதியையும் கேட்கவில்லை. தமக்கு விற்கப்பட்ட பொருள் முதல்நாளே இருந்திருக்க வேண்டிய நிலைக்கு வருவதற்காக ஒரு நாளை இழக்கிறார். அந்நாளில் வண்டியைக் கொண்டுசெல்லும் செலவையும் அவரிடமே வாங்குவது, குறையின் விலையில் ஒரு பங்கை அவர்மேல் சுமத்துவதாகும். பாகமும் கூலியும் இலவசம், போக்குவரத்து மட்டும் தனி என்ற பிரிப்புக்கு நியாயமான அடிப்படை எதுவும் இல்லை.

ஐரோப்பிய ஒன்றியம் இந்தப் பிரிப்பை வெளிப்படையாகவே நிராகரித்துள்ளது. பொருள் விற்பனை பற்றிய அதன் 2019ஆம் ஆண்டு நெறியாணை, குறையுள்ள பொருளை இலவசமாகச் சரிசெய்து தர வேண்டும் என்று கூறும்போது, இலவசம் என்பதில் அஞ்சல், போக்குவரத்து, கூலி, மூலப்பொருள் ஆகிய தேவையான செலவுகள் அடங்கும் என்று வரையறுக்கிறது. இந்தியாவில், 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வழியே மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்ந்த 110ஏ பிரிவு, அரசு ஆணையிடும் திரும்பப் பெறுதலில் பணத்தைத் திருப்பித் தருவதையோ மாற்று வண்டி தருவதையோ பழுதை நீக்குவதையோ உற்பத்தியாளரின் கடமையாக்குகிறது. ஆனால் வண்டி பட்டறைக்குப் போய்வரும் செலவைப் பெயர் சுட்டிச் சொல்லவில்லை. அந்த மௌனத்தை வாடிக்கையாளருக்கு எதிராகப் படிப்பது சட்டத்தின் நோக்கத்துக்கே முரணானது. உற்பத்தியாளர் தரும் ஈட்டுத்தொகை போதவில்லை என்று டீலர் கருதினால் அவர் முறையிட வேண்டிய இடம் உற்பத்தியாளரின் அலுவலகம். அவ்விருவருக்கும் இடையிலான ஒப்பந்தத்தில் வாடிக்கையாளர் கையெழுத்திடவில்லை.

பணம் வாங்கினால்தான் பொறுப்பு வரும், இலவசமாக எடுத்துச் சென்றால் வழியில் நேரும் கீறலுக்கு யார் பதில் சொல்வது என்று கேட்பவர்களும் உண்டு. இதற்கு 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டம் ஏற்கெனவே விடை தந்துள்ளது. ஒரு நோக்கத்துக்காகப் பொருளை ஒப்படைத்து, நோக்கம் நிறைவேறியதும் திரும்பப் பெறும் ஏற்பாட்டை அது ஒப்படைப்பு என்று வகுத்து, ஒப்படைப்பு எதுவாயினும், தன் சொந்தப் பொருளைச் சாதாரண அறிவுள்ள ஒருவர் பேணும் அளவுக்கு அதைப் பேண வேண்டும் என்று 151ஆம் பிரிவில் கூறுகிறது. கட்டணம் வாங்கியதா இல்லையா என்பதால் அந்த அளவு மாறுவதில்லை. ஆனால் நடைமுறையில், கிலோமீட்டர் அளவையும் எரிபொருள் மட்டத்தையும் பழைய நசுங்கல்களையும் குறித்துக்கொள்ளும் அதே ஜாப் கார்டில், போக்குவரத்து உரிமையாளரின் சொந்தப் பொறுப்பில் நடக்கிறது என்ற வரியும் சிறிய எழுத்தில் இருக்கக்கூடும். ஊழியர் கையில் வண்டி மோதி, உரிமையாளரின் காப்பீட்டிலேயே இழப்பீடு கோரப்பட்டால், ஐந்து ஆண்டுகளில் 50 விழுக்காடுவரை வளரும் 'நோ கிளெய்ம் போனஸ்' எனும் தள்ளுபடியை இழப்பவரும் அவரே. டில்லி ஓட்டல் ஒன்றில் நிறுத்தித் தரும்படி ஊழியரிடம் ஒப்படைக்கப்பட்ட கார் 1998இல் திருடுபோன வழக்கில், 2019 நவம்பர் 14 அன்று தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், சீட்டில் அச்சிட்ட இத்தகைய வரியைக் காட்டித் தன் ஊழியரின் கவனக்குறைவுக்கான பொறுப்பிலிருந்து ஓட்டல் தப்பிக்க முடியாது என்றது. வண்டியைச் சாலையிலேயே ஓட்டிச் செல்லும் டீலருக்கு அத்தீர்ப்பின் தர்க்கம் இன்னும் வலுவாகப் பொருந்தும்.

முன்கூட்டியே சொல்லித்தான் வாங்குகிறோம் என்பது சொல்லும் விதத்தைப் பொறுத்தது. 400 ரூபாய் என்று தொலைபேசியில் சொல்லப்பட்ட தொகை, 18 விழுக்காடு ஜிஎஸ்டி சேர்ந்து பில்லில் 472 ஆக நிற்பது முழுமையான அறிவிப்பன்று. இணையவழிப் பதிவில் இத்தேர்வு முன்னரே குறியிடப்பட்டிருந்தால், 2023 நவம்பரில் அறிவிக்கப்பட்ட ஏமாற்று வடிவமைப்புத் தடுப்பு நெறிமுறைகள் அதை நுகர்வோர் கேட்காததைக் கூடையில் நுழைக்கும் செயலாகவே கருத இடமளிக்கின்றன.

தாமாகக் கொண்டுவர இயன்றும் பணம் செலுத்திச் செய்யும் வழக்கமான சர்வீஸுக்கு வீட்டில் இருந்தபடி வண்டியை அனுப்ப விரும்புபவரிடம், வரி உட்படச் சொல்லி, தூரத்துக்கேற்ற தொகை வாங்குவதை எதிர்க்க வேண்டியதில்லை. இக்கட்டணத்தைக் கட்டுப்படுத்தினால் டீலர்கள் லேபர் கட்டணத்தை உயர்த்திவிடுவார்கள் என்ற இறுதி எச்சரிக்கைக்கும் அஞ்ச வேண்டியதில்லை; வேலைக்கூலி எஸ்டிமேட்டின் முதல் பக்கத்திலேயே நிற்பது, இரண்டு பட்டறைகளிடம் கேட்டு ஒப்பிடக்கூடியது, ஆகையால் அதை உயர்த்தும் டீலர் வாடிக்கையாளரை இழக்கவும் நேரும். வாரண்டி வேலைக்கும் ரீகாலுக்கும் வாங்கப்படும் போக்குவரத்துக் கட்டணத்துக்கு, ஒப்பீட்டால் வரும் அந்தக் கட்டுப்பாடு இல்லை, ஏனெனில் அப்போது உரிமையாளருக்கு அங்கீகாரம் பெற்ற பட்டறையைத் தவிர வேறு வழி கிடையாது.