மெயில் திறக்கலியா?

டபுள் கிளிக் செய்ததும் மெயில் புரோகிராம் எட்டிப் பார்த்துவிட்டு, கடன்காரனைக் கண்டாற்போல உள்ளே ஓடிவிடுகிறதா? 'எல்லாத்தையும் அழிச்சிட்டுப் புதுசா போட்டுடலாம் சார்' என்று ஒருவர் வருவார். அவருக்கு டீ சொல்லி உட்கார வையுங்கள்.

கிளாசிக் அவுட்லுக் என்றால் கன்ட்ரோல் கீயை, தண்டர்பேர்ட் என்றால் ஷிஃப்ட் கீயை அழுத்திக்கொண்டே திறங்கள். 'சேஃப் மோடா?' என்கிற மாதிரி கேட்கும். சரி என்றதும் திறந்துகொண்டால், நான் முதலில் சந்தேகப்படுவது ஆட்-இன் என்கிற ஒட்டுண்ணிகளை. மொத்தமாக நிறுத்தி, ஒவ்வொன்றாகச் சேருங்கள். எதைச் சேர்த்ததும் படுக்கிறதோ, அதுதான் ஆசாமி.

அப்படியும் திறக்கலியா? அவுட்லுக்கில் பி.எஸ்.டி. ஃபைல், தண்டர்பேர்டில் புரொஃபைல் ஃபோல்டர். முதலில் அதைக் காப்பி எடுங்கள், ரிப்பேரெல்லாம் அப்புறம். புரோகிராமை நூறு தடவை போடலாம். சர்வரில் இல்லாத பழைய மெயில் போனால் போனதுதான், பாஸ் 'லீவு ஓகே' என்று எழுதியது உட்பட!