யூத காந்தி

நவம்பர் பிறந்ததும் நம் கல்லறைத் தோட்டங்களில் புல் செதுக்கி, சுண்ணாம்பு பூசி, பெயர்ப் பலகைகளுக்கு மை தீட்டுகிறோம். பூதலூர்ப் பக்கத்துப் பங்குகளில் சம்பா நடவு முடிந்து, ஐப்பசி மழையும் சற்று விட்டுக்கொடுத்தால், கல்லறைத் திருநாள் மாலையில் மெழுகுதிரிகள் வரிசையாக எரியும் காட்சி கண்கொள்ளாதது. அத்திருநாளை ஒட்டி வாசகர்களுக்கு ஒருவரை அறிமுகப்படுத்த விரும்புகிறோம். அவர் கத்தோலிக்கர் அல்லர், கிறிஸ்தவரும் அல்லர். கொச்சியில் 1882-இல் பிறந்து அங்கேயே 1967-இல் மறைந்த யூதர். ஆபிரகாம் பாராக் சேலம் என்பது அவர் பெயர். ஏ. பி. சேலம் என்றே ஊரார் அழைத்தனர்.

சேலம் என்றதும் நம்மவர்க்கு மாம்பழமும் இரும்பும் நினைவுக்கு வரும். இது அந்தச் சேலம் அன்று. அப்பமும் இரசமும் ஏந்தி ஆபிரகாமை எதிர்கொண்ட மெல்கிசெதேக்கு ஆண்ட சாலேம் இது. திருப்பலியின் முதல் நற்கருணை மன்றாட்டில் இன்றும் அவ்வரசரை நினைவுகூருகிறோம். பாராக்கு என்பவரோ, பெண் நீதித்தலைவர் தெபோராவின் அழைப்பை ஏற்றுப் போருக்குச் சென்றவர். நம் சேலம் நீதிபதிப் பீடத்தில் அமர்ந்தவர் அல்லர். எர்ணாகுளத்தில் படித்து, சென்னையில் பட்டமும் சட்டமும் பயின்று, கொச்சி யூதருள் முதல் வழக்கறிஞர் ஆனவர். எனினும் தம் மக்களிடையே அவர் நடத்திய வழக்கு எந்த நீதிமன்றத்திலும் நடந்த வழக்கைக் காட்டிலும் கடினமானது.

அவ்வழக்கு யாது?

கொச்சி மட்டாஞ்சேரியில், அரண்மனைக் கோயிலுக்கு அடுத்த சுவரில், 1568-இல் எழுந்த பரதேசி யூதர் செபக்கூடம் இருக்கிறது. தரையில் நீலமும் வெண்மையுமான சீன ஓடுகள் பதித்த அழகிய கட்டடம். ஸ்பெயின் முதலிய நாடுகளிலிருந்து துரத்தப்பட்டுக் கடல் கடந்து வந்தவர்களுக்குக் கொச்சி மன்னர் இடம் தந்தார். அவர்கள் கூடமாதலால் பரதேசிக் கூடம் என்று பெயர். அவர்களுக்கு முன்பே பல நூற்றாண்டுகளாக மலையாள நாட்டில் வாழ்ந்து, தமக்கெனத் தனிச் செபக்கூடங்கள் வைத்திருந்த மலபார் யூதர் வேறு. இவ்விரு சாராரையும் வெள்ளை யூதர், கறுப்பு யூதர் என்று உலகம் பிரித்துப் பேசிற்று.

இவர்களன்றி மூன்றாவதாக ஒரு சிறு கூட்டமும் இருந்தது. பரதேசி யூதர் வீடுகளில் அடிமைகளாயிருந்து விடுதலை பெற்றோரின் வழித்தோன்றல்கள் அவர்கள். எபிரேயத்தில் அவர்களுக்கு வழங்கிய பெயரின் பொருளே 'விடுவிக்கப்பட்டோர்' என்பதாம். அதே கடவுளை வணங்கினர். அதே ஓய்வுநாளை அனுசரித்தனர். அதே சட்டத்தின்படி உண்டனர். ஆயினும் செபக்கூடத்தினுள் இருக்கைகளில் அமர அவர்களுக்கு உரிமையில்லை. முன்னறையில் தரையிலோ படியிலோதான் இடம். திருச்சட்டத்தை வாசிக்க மற்றவர்களுக்கு நிகராக அழைக்கப்படவில்லை. பரதேசி யூதருடன் மணவுறவு இல்லை. இறந்தால் அவர்கள் கல்லறையில் இடமுமில்லை. விடுதலை பெற்று எத்தனையோ தலைமுறைகள் கழிந்த பின்னும் இதுவே நிலைமை. எகிப்தின் அடிமைத்தளையிலிருந்து தங்களை ஆண்டவர் விடுவித்ததை ஆண்டுதோறும் பாஸ்கா இரவில் பாடிக் கொண்டாடிய மக்கள், தம் வாசற்படியில் அமர்ந்திருந்த விடுவிக்கப்பட்டோரைக் காணாதிருந்தனர்.

சேலம் இக்கூட்டத்தில் பிறந்தவர். சட்டம் படித்துக் கறுப்பு அங்கி அணிந்து நீதிமன்றத்தில் எழுந்து பேசுபவர், சனிக்கிழமை செபத்திற்கு வந்தால் தரையில் அமரவேண்டும்.

அவர் எதிரே இரண்டு எளிய வழிகள் இருந்தன. வாய்மூடி இருந்துவிடலாம், அல்லது மதத்தையே உதறிவிடலாம். இரண்டையும் அவர் தேர்ந்துகொள்ளவில்லை. காந்தியடிகளின் அறப்போர் முறையைத் தம் செபக்கூடத்தின் வாசலுக்கே கொண்டுவந்தார். உரிமை மறுக்கப்பட்ட கூடத்திற்குச் செல்லாமல் மறுத்து நின்றார். கேட்டார், மீண்டும் கேட்டார். மக்கள் அவரை 'யூத காந்தி' என்றனர். அக்காலத்தில் அயலில் நடந்ததையும் எண்ணிப் பார்க்கவேண்டும். 1924-25-இல் திருவிதாங்கூரின் வைக்கத்தில், கோயிலைச் சூழ்ந்த தெருக்களில் தாழ்த்தப்பட்டோர் நடக்கும் உரிமைக்காகச் சத்தியாக்கிரகம் நடந்தது. தமிழகத்திலிருந்து சென்ற பெரியார் ஈ. வெ. ரா. அங்கே சிறைப்பட்டார். அண்டை அரசில் தெருவுக்காக நடந்த போராட்டத்தைக் கண்ட காலத்தவர், தம் வீட்டு முற்றத்தைப் பற்றிக் கேட்டதில் வியப்பில்லை.

சேலம் தம் இனத்தாருக்காக மட்டும் பேசியவர் எனக் கொள்ளலாகாது. கொச்சி மன்னராட்சியின் சட்டமன்றத்தில் 1925 முதல் 1931 வரையும், பின்னர் 1939 முதல் 1945 வரையும் உறுப்பினராய் இருந்தார். தொழிற்சங்க இயக்கத்தின் தொடக்க காலத்தில் தொழிலாளரோடு நின்றார். முழு விடுதலையே குறிக்கோள் என்று தீர்மானித்த 1929-ஆம் ஆண்டின் லாகூர் காங்கிரஸ் மாநாட்டிற்கும் சென்றுவந்தார். எர்ணாகுளத்தில் மாலை வேளைகளில் ஒரு மேட்டின்மேல் நின்று அவர் பொதுமக்களிடம் பேசுவது வழக்கம். அம்மேட்டிற்குச் சேலம் குன்று என்றே பெயர் வழங்கிற்று. பட்டமும் பதவியும் வந்தபின் மேட்டில் ஏறி நின்று மீன்காரரும் படகுக்காரரும் கேட்கப் பேசும் வழக்கறிஞர்கள் எத்தனை பேர்!

செபக்கூடத்தின் தடைகள் ஒரே நாளில் நீங்கிவிடவில்லை. ஒன்று விட்டு ஒன்றாக, பல ஆண்டுகளில், முணுமுணுப்போடு நீங்கின. சேலத்தின் மகனுக்கும் பரதேசி யூதக் குடும்பத்துப் பெண்ணுக்கும் பின்னாளில் திருமணமே நடந்தது. ஆனால் கொச்சியில் அன்று, பம்பாயில் நடந்தது.

1948-இல் இஸ்ரயேல் நாடு உருவானபின் கொச்சி யூதர் பெருந்திரளாய் அங்கே குடியேற விழைந்தனர். தஞ்சை மாவட்டத்தார் கேட்டால் வியக்கும் தடையொன்று குறுக்கே வந்தது: யானைக்கால் நோய். கும்பகோணத்துக்காரரைக் கேலி செய்யப் பயன்பட்ட அந்நோய் கொச்சியிலும் இருந்தது. அது தம் நாட்டில் பரவிவிடுமோ என்று அங்குள்ள அதிகாரிகள் அஞ்சித் தாமதித்தனர். எழுபதை எட்டிய சேலம் 1953-இல் இஸ்ரயேல் சென்று தம் மக்களுக்காக மன்றாடினார். பெரும்பாலோர் அடுத்த ஆண்டுகளில் கப்பலேறினர். அவரோ போகவில்லை. தம்மைத் தரையில் அமர்த்திய தெருவிலேயே இறுதிவரை வாழ்ந்தார்.

யூதரைப் பற்றி நாம் எழுதுவது சிலருக்கு விந்தையாகத் தோன்றலாம். பெரிய வெள்ளிக்கிழமை மன்றாட்டில் யூதரைக் குறித்து வழங்கிவந்த கடுஞ்சொல்லைத் திருத்தந்தை 23-ஆம் அருளப்பர் 1959-இல் நீக்கியதும், இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 அக்டோபர் 28-இல் வெளியிட்ட ஏட்டில் யூதரோடு நமக்குள்ள உறவை எடுத்துரைத்ததும் மூத்த வாசகர்கள் அறிந்தவையே. ஆனால் நாம் சேலத்தைத் தேடிச் சென்றதற்குக் காரணம் அதுவன்று. அவர் கதையில் வரும் முன்னறையும் தனிக் கல்லறையும் நமக்கு மிகவும் பழக்கப்பட்டவை.

திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளத்தில் 1872-இல் கட்டிய கோவிலை 'கால்சட்டைக் கோவில்' என்பர். பீடம் ஒன்று, சாதிக்கொன்றாகக் கூடங்கள் இரண்டு, நடுவே சுவர். 1910-இல் அச்சுவர் இடிக்கப்பட்டது. சுவர் வேண்டுமென்றோர் நீதிமன்றம் ஏறினர்; சென்னை உயர்நீதிமன்றம் வரை சென்று தோற்றனர். திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தின் நடுச்சுவரோ நாடறிந்த செய்தி. தமிழக ஆயர்கள் 1990-இல் பத்து அம்சத் திட்டம் வகுத்துத் தலித் கிறிஸ்தவர்மீதான பாகுபாட்டைக் களைய முனைந்தனர். 2003 நவம்பரில் உரோமைக்குச் சென்ற தமிழக ஆயர்களிடம் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால், சாதியின் பெயரால் மக்களைப் பிரிப்பது உண்மையான மனித ஒருமைப்பாட்டுக்கு முரண் என்று வெளிப்படையாகவே கூறினார். ஆகவே மேலிடத்திலிருந்து வரவேண்டிய சொல் வந்துவிட்டது. மீதமுள்ளது பங்கில்தான். பாஸ்குத் திருவிழாவிலும் பாதுகாவலர் திருநாளிலும் தேர் எந்தத் தெருவரை செல்கிறது, எந்த முக்கில் திரும்பிவிடுகிறது? வரி கேட்கும்போது எந்தத் தெருவுக்குப் போகிறார்கள், எந்தத் தெருவை விட்டுவிடுகிறார்கள்? கல்லறை மந்திரிப்புக்குக் குருவானவர் வருகையில் எந்த மூலைக்குக் கடைசியாக அழைத்துச் செல்கிறோம்? இவற்றிற்கு விடை ஆயர் இல்லத்தில் இல்லை. நம் ஊர்ப் பெரியவர்களிடம் இருக்கிறது. 'வழக்கம்' என்பார்கள். மட்டாஞ்சேரியிலும் அச்சொல்லையே சொன்னார்கள்.

நம் ஊர்களில் இந்த அவமானம் தாளாமல் வேறு சபைகளுக்குப் போனவர்கள் உண்டு. அவர்களைக் குறைகூற நமக்கு மனம் வரவில்லை. போகாமல் நின்று, பின்வரிசையில் அமர்ந்தபடியே முன்வரிசையைக் கேட்டவர்களும் உண்டு. அவர்களே நம் சேலங்கள். அவர்கள் பெயரை எந்தப் பங்கு வரலாற்றிலும் நாம் படித்ததில்லை.

பரதேசி செபக்கூடத்தின் நானூறாம் ஆண்டு விழா 1968 டிசம்பரில் நடந்தது. பிரதமர் இந்திரா காந்தி வந்திருந்தார், அஞ்சல்தலையும் வெளியாயிற்று. அதற்கு முந்திய ஆண்டே சேலம் மறைந்துவிட்டார். யூத முறைப்படி பொதுச் செபம் நடைபெறப் பத்து ஆண்கள் கூடவேண்டும். படியில் அமர்ந்திருந்தவர்களை ஒரு காலத்தில் கணக்கில் கொள்ளாத அக்கூடத்திற்கு, இன்று ஊரில் அந்தப் பத்துப் பேர் இல்லை. சுற்றுலா வருவோர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே சென்று, நீல ஓடுகளைப் பார்த்துத் திரும்புகின்றனர்.