ஒரே கூரை, பல மின்மானிகள்: லயனின் மின்தாங்குதிறனை அளக்க வேண்டியவர் யார்?

லயன் குடியிருப்பில் தீ பரவியது என்ற செய்தி மலையகத்துக்குப் புதிதல்ல. "மின்னொழுக்கு காரணமாக இருக்கலாம் எனச் சந்தேகிக்கப்படுகிறது" என்ற வரியோடு அந்தச் செய்தி முடிந்துவிடும். உடைமை இழந்த குடும்பங்கள் பாடசாலையிலோ கோயில் மண்டபத்திலோ தங்குவார்கள். அந்தக் கட்டடம் எவ்வளவு மின்சாரத்தைத் தாங்கும் என்று தீக்கு முன்னர் யாராவது அளந்து பார்த்தார்களா என்ற கேள்வி மட்டும் எழுவதில்லை.

கொழும்பிலிருந்து இரத்தினபுரி செல்லும் ஏ4 வீதியில் உள்ள எஹலியகொடையைச் சுற்றி றப்பர், தேயிலைத் தோட்டங்கள் உள்ளன. சப்ரகமுவத் தோட்டங்களின் பழைய லயன்கள் குப்பி விளக்குக் காலத்தில் கட்டப்பட்டவை. மின்சாரம் பின்னர்தான் வந்தது. ஓர் அறைக்கு இரண்டு பல்ப், ஒரு ரேடியோ என்ற கணக்கில் அன்று வயர் இழுத்தார்கள். இன்று அதே அறைகளில் கேத்தல், றைஸ் குக்கர், குளிர்சாதனப் பெட்டி, அயன் பொக்ஸ் எல்லாம் இருக்கின்றன. விறகு தேடி அலையாமல் சமைக்க விரும்புவதும், பிள்ளை படிக்க மின்விசிறி போடுவதும் ஆடம்பரமல்ல. ஆனால் வயருக்கு அந்த நியாயம் தெரியாது.

கணக்கு எளியது. நமது மின்னழுத்தம் 230 வோல்ற். 15 அம்பியர் இணைப்பு ஏறத்தாழ 3,450 வொற் வரை தாங்கும். 2,000 வொற் கேத்தல், 700 வொற் றைஸ் குக்கர், 1,000 வொற் அயன் பொக்ஸ் மூன்றையும் விடியற்காலையில் ஒன்றாகப் போட்டால் 3,700 வொற் ஆகிவிடும். வயரில் ஓடும் மின்னோட்டம் இரட்டிப்பானால் அதில் உண்டாகும் வெப்பம் நான்கு மடங்காகும். பல்புக்குப் போட்ட ஒரு சதுர மில்லிமீற்றர் வயரிலிருந்து பிளக் இழுத்து கேத்தல் போடுவது இதனால்தான் ஆபத்து.

பலரும் இங்கே செய்யும் தவறு ஒன்று உண்டு. பிரேக்கர் அடிக்கடி விழுந்தால், அதைவிடப் பெரிய பிரேக்கரைப் போட்டுவிடுகிறோம். பிரேக்கர் வயருக்குக் காவல். வயரை மாற்றாமல் பிரேக்கரைப் பெரிதாக்கினால், காவல்காரனைத் தூங்க வைத்துவிட்டுக் கதவைத் திறந்து வைப்பதாகிவிடும். 15 அம்பியர் இணைப்பை 30 ஆக்கினாலும் இதே கதைதான். மின்மானிக்கு வெளியே உள்ளது மின்சாரம் விநியோகிக்கும் நிறுவனத்தின் பொறுப்பு. உள்ளே இருக்கும் வயரிங் பாவனையாளரின் பொறுப்பு. இணைப்பு பெரிதானால் சுவரில் இருக்கும் பழைய வயர் தடிப்பாகிவிடாது.

அப்படியானால் யாரை அழைப்பது? நமக்குத் தெரிந்தவர் வயரிங் பாஸ்தான். நல்ல பாஸ்மார் பலர் இருக்கிறார்கள். ஆனால் அளந்து சொல்பவரும் வயர் விற்று வேலை எடுப்பவரும் ஒருவரே என்றால், அவர் சொல்வதை இன்னொருவரிடமும் கேட்பது நல்லது. ஒரு வீட்டுக்கு, தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் மூன்றாம் அல்லது நான்காம் மட்டத்தில் உள்ள மின்னியலாளர் போதும். சான்றிதழைக் காட்டச் சொல்வது அவமரியாதை அல்ல. முழு லயனுக்கோ, பாடசாலைக்கோ, தோட்ட வைத்தியசாலைக்கோ பட்டயம் பெற்ற மின் பொறியியலாளர் வேண்டும். 2017ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டப்படி பொறியியலாளர்கள் இலங்கைப் பொறியியல் பேரவையில் பதிவு செய்திருக்க வேண்டும். எனவே பதிவைக் கேட்டுப் பார்க்கலாம்.

வருபவர் என்ன செய்கிறார் என்பதையும் பாருங்கள். சுவரைப் பார்த்துவிட்டு "எல்லாம் சரி" என்பவர் அளக்கவில்லை. வயரின் காப்பு கெட்டிருக்கிறதா, புவித்தொடுப்பு வேலை செய்கிறதா, 30 மில்லி அம்பியர் ட்ரிப் ஸ்விச் உரிய நேரத்தில் விழுகிறதா என்று கருவி வைத்துச் சோதிக்க வேண்டும். மாலை ஆறரைக்கும் இரவு பத்தரைக்கும் இடையில், எல்லா வீட்டிலும் விளக்கு எரியும்போது, மின்னழுத்தத்தையும் அளக்க வேண்டும். காலை பத்து மணிக்கு எல்லோரும் மலையில் இருக்கும்போது அளந்தால் உண்மை தெரியாது. கடைசியில், எந்த வயர் எவ்வளவு தாங்கும், எதை முதலில் மாற்ற வேண்டும் என்று எழுத்தில் தர வேண்டும். அது சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ இருந்தால், தமிழில் ஒரு பக்கச் சுருக்கமாவது கேட்டு வாங்குங்கள்.

ஆனால் லயனில் இவை மட்டும் போதாது. மின்மானிகள் வீட்டுக்கொன்றாக இருந்தாலும் கூரை ஒன்று, முகட்டு மரம் ஒன்று, இடைச்சுவரும் பொது. நான்காம் வீட்டுக்காரர் கடன்பட்டு வயரிங்கைத் திருத்தினாலும், ஏழாம் வீட்டில் பிடிக்கும் தீ அவரிடம் வர அதிக நேரம் எடுக்காது. ஆகவே லயன் முழுவதையும் ஒரே கட்டடமாக மதிப்பிட வேண்டும். அந்தச் செலவு யாருடையது? 1992இல் தோட்டங்களின் முகாமை தனியார் கம்பனிகளிடம் போன பின்னரும், லயனில் வாழும் பெரும்பாலானோருக்குக் காணி உறுதி கிடைக்கவில்லை. சுவரில் உரிமை இல்லாதவரிடம் சுவருக்குள் இருக்கும் வயரின் பொறுப்பை மட்டும் ஒப்படைப்பது நியாயமாகாது. கட்டடம் யாருடையதோ, மதிப்பீட்டுச் செலவும் அவருடையதாக இருக்க வேண்டும். தொழிற்சங்கங்கள் சம்பளத்தோடு சேர்த்துக் கேட்க வேண்டிய கோரிக்கை இது. தனிவீட்டுத் திட்டங்கள் முடியும்வரை காத்திருக்கச் சொல்வது பதிலாகாது.

இது வடக்கு, கிழக்கில் வாழ்பவர்களுக்கும் அந்நியமான கதை அல்ல. 1977இலும் 1981இலும் இரத்தினபுரி மாவட்டத் தோட்டங்களில் வன்முறைக்கு முகங்கொடுத்து, வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போய்க் குடியேறிய குடும்பங்கள் பின்னர் போரிலும் எல்லாவற்றையும் இழந்தன. மீள்குடியேறிய பின்னர், கிடைத்த காசில் ஓர் அறைக்கு இழுத்த வயரிலிருந்து இன்னோர் அறைக்கும், கிணற்று மோட்டருக்கும் வயர் நீட்டிய வீடுகள் அங்கும் உண்டு. ஒருமுறை எல்லாவற்றையும் இழந்தவர்களுக்கு இரண்டாம் தடவை வீடு கட்டுவது எவ்வளவு கடினம் என்று சொல்லத் தேவையில்லை.

அடுத்த தோட்டக் கூட்டத்தில் ஒரு கேள்வியை எழுப்பலாம்: நமது லயனின் மின்தாங்குதிறன் அறிக்கை எங்கே? இல்லை என்பது பதிலானால், அதை எப்போது யார் எடுப்பார் என்று திகதியோடு எழுத்தில் கேளுங்கள்.