தற்செயலுக்கு உரியவர் யார்?

ஐக்கிய அமெரிக்காவின் பதிப்புரிமை அலுவலகம் 2025 ஜனவரியில் ஓர் அறிக்கையை வெளியிட்டது. சொற்களால் ஏவியவுடன் படம் ஆக்கித் தரும் கணினிகளைப் பற்றியது அது. சட்ட நுணுக்கங்கள் நிறைந்த அவ்வறிக்கையிலே, 1956 இல் மறைந்த ஓர் ஓவியரின் பெயர் இடம்பெற்றிருக்கிறது. அவர்தாம் அரூப ஓவியத்திற் பெரும்புகழ் பெற்ற ஜாக்சன் பொலொக்.

பொலொக்கின் பெயரை இழுத்தவர்கள் கணினிக்காக வாதிட்டோர். தாம் வீசும் வர்ணத்துளி எங்கே விழும் என்பதை அவர் முற்றாக அறிந்திருக்கவில்லை. ஆயினும் படம் அவருடையதே. அங்ஙனமாயின், கணினி என்ன தரும் என்பதை முன்னறியாது ஏவுபவருக்கும் அப்படம் ஏன் உரியதாகாது? இதுவே அவர்களது வினா. வினா எளிதன்று. அலுவலகம் அதற்கு விடையளித்தது. பொலொக்கின் பணி மனத்தில் எண்ணியதோடு முடியவில்லை. நிறத்தையும், எத்தனை படை பூசுவது என்பதையும், ஒவ்வொன்றும் சேரவேண்டிய இடத்தையும் அவரே தெரிந்தார். தம் உடலசைவினாலேயே அவற்றை நிறைவேற்றினார் என்பது அவ்விடையின் சாரம்.

இவ்விடை எத்துணை பொருத்தமானது என்பதை அறிய, பொலொக் வரைந்த முறையை நோக்குதல் வேண்டும். 1945 இல் அவர் லோங் ஐலண்டிலுள்ள ஸ்பிறிங்ஸ் என்னும் ஊரிற் குடியேறினார். 1947 முதல், பண்ணைக் கொட்டிலொன்றின் தரையிலே கித்தானை விரித்து, அதன் நாற்புறமும் நடந்து, குச்சியாலும் விறைத்த தூரிகையாலும் வர்ணத்தைச் சொட்டியும் வீசியும் வரைந்தார். 1950 இல் 'ரைம்' சஞ்சிகை அவருடைய ஓவியங்களைக் குழப்பம் எனக் கூறும் விமர்சனத்தை எடுத்துக்காட்டியபோது, குழப்பம் எதுவுமில்லை என்று தந்தி மூலம் சினந்து மறுத்தார்.

அம்மறுப்பு வெறும் வீம்பன்று. தேன் போன்ற திரவம் உயரத்திலிருந்து மெல்ல ஒழுகினால் சுருண்டு சுருண்டு விழும். பொலொக் வரையும் பழைய படச்சுருளை ஆராய்ந்து, 2019 இல் பிறவுண் பல்கலைக்கழகத்தினர் ஒரு கட்டுரை வெளியிட்டனர். கையின் வேகத்தையும் உயரத்தையும் அச்சுருள் நேராவண்ணம் அவர் அமைத்துக்கொண்டார் என்பது அவர்கள் கண்ட முடிபு. தற்செயல் எனப்பட்டதனுள்ளே கை கற்ற கல்வி இருந்தது.

இசைவாணர் இதனை மனோதர்மம் என்பர். முன்னெழுதிவைத்த திட்டம் இல்லாமை மட்டும் மனோதர்மம் ஆகாது. நிகழ்ந்துவிட்டதற்கு மறுமொழி கூறுவதே அதன் உயிர். கித்தானில் விழுந்த கோடு விழுந்ததுதான். அதனோடு இணங்கியோ அதனை எதிர்த்தோ அடுத்த கோடு பிறக்கவேண்டும். கணினியை ஏவுபவரோ, பிடிக்காத படத்தை நீக்கி மீண்டும் ஏவுகிறார். முன்னைய படம் அவரை எதற்கும் கட்டுப்படுத்துவதில்லை. அங்கே தெரிவு உண்டு. ஆனால் மறுமொழி அருகிவிடுகிறது.

எனினும், இயந்திரம் தொட்டதெல்லாம் கலையன்று என நான் சொல்லவில்லை. கிடைத்த படத்தை எடுத்துத் திருத்தி, அடுக்கி, தன் கைப்பட மாற்றுபவரின் பங்கை அவ்வறிக்கையும் ஏற்கிறது. 2025 மார்ச்சில் கொலம்பியா மாவட்ட மேன்முறையீட்டு நீதிமன்றம் மறுத்தது, இயந்திரத்தை மட்டுமே ஆக்கியோனாகக் காட்டிய படத்தின் பதிப்புரிமையையே. மனிதர் பங்கு எவ்வளவு வேண்டும் என்னும் வினா இன்னும் திறந்தே கிடக்கிறது.

இவ்வினா நீதிமன்றத்தோடு நிற்பதன்று. நம் வகுப்பறைக்கும் உரியது. மாணவன் கொண்டுவரும் படத்தை முடிந்த பொருளாக மட்டும் பார்த்துப் புள்ளியிடும் வழக்கம் இனிப் போதாது. முதற்கோடு பிழைத்தபோது அவன் என்ன செய்தான், எதை அழித்தான், எதை அழிக்காது விட்டான் என்று ஆசிரியர் கேட்கவேண்டும். அக்கேள்விக்கு விடை சொல்லக்கூடியவனே அப்படத்திற்கு உரியவன் என்பது என் துணிபு.