வேலைக்குப் போகும் தூரம்

வேலைக்குப் போய் வருவது என்றாலே நெரிசலான பேருந்தும் தொடர்வண்டியும்தான் நம்மில் பலருக்கும் நினைவுக்கு வரும். காலையில் சென்றவர் இரவு உணவுக்கு வீடு திரும்பிவிடுவார். ஆனால் கனடாவின் வடமேற்கு ஆட்சிப்பகுதியில் வைரச் சுரங்கத்துக்கு வேலைக்குச் செல்பவர் வீடு திரும்ப இரண்டு வாரங்கள் ஆகும்.

இந்தியாவின் பரப்பில் மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகமான இந்நிலத்தில், 2021ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி சுமார் 41 ஆயிரம் பேரே வாழ்கின்றனர். தலைநகர் யெல்லோநைஃபிலிருந்து வடகிழக்கே ஏறத்தாழ 300 கிலோமீட்டர் தொலைவில், மரங்களே வளராத பனிவெளியில், எக்காட்டி சுரங்கம் 1998லும் டயாவிக் சுரங்கம் 2003லும் உற்பத்தியைத் தொடங்கின. இவற்றுக்கு நிரந்தரச் சாலை கிடையாது. குளிர்காலத்தில் உறைந்த ஏரிகளின்மேல் அமைக்கப்படும் பனிச்சாலை ஏறக்குறைய இரண்டு மாதங்களே திறந்திருக்கும். எரிபொருளும் இயந்திரங்களும் அவ்வழியே லாரிகளில் செல்ல, தொழிலாளர்கள் ஆண்டு முழுவதும் விமானத்தில்தான் சென்று வருகின்றனர். அங்கே இரண்டு வாரங்கள் நாளொன்றுக்கு 12 மணி நேர வேலை. அடுத்த இரண்டு வாரங்கள் வீட்டில் ஓய்வு.

இம்முறைக்கு ஒரு நியாயம் உண்டு. கிரேட் ஸ்லேவ் ஏரியின் தென்கரையை ஒட்டி, 1960களில் பைன் பாயிண்ட் என்ற ஊர் ஈய, துத்தநாகச் சுரங்கத்துக்காகவே கட்டப்பட்டது. 1980களின் இறுதியில் சுரங்கம் மூடப்பட்டபோது ஊரும் கலைக்கப்பட்டது. வீடுகள் பெயர்த்து எடுத்துச் செல்லப்பட்டன, எஞ்சியவை இடிக்கப்பட்டன. சுரங்கத்தருகே ஊர் அமைக்காமல் ஆட்களை விமானத்தில் அழைத்து வந்தால் இத்தகைய துயரம் நேராது. டெனே, இனுயிட் போன்ற பூர்வகுடி மக்களும் தங்கள் சொந்த ஊர்களை விட்டு நீங்காமலேயே ஊதியம் பெற முடிகிறது. இது சிறிய நன்மை அல்ல.

ஆயினும், தூரம் இதனால் மறைந்துவிடவில்லை. அதன் சுமை குடும்பத்தின் தோளுக்கு மாறியுள்ளது. ஆண்டில் பாதி நாள்கள் தாயோ தந்தையோ இல்லாத வீடு அது. குழந்தையின் காய்ச்சலையும் முதியவரின் தளர்ச்சியையும் வீட்டில் இருப்பவர் ஒருவரே சுமக்கிறார். திரும்பி வருபவரோ, தாம் இல்லாமல் நடக்கப் பழகிவிட்ட வீட்டில் தமக்குரிய இடத்தை மீண்டும் தேட வேண்டியிருக்கிறது.

சிலர் திரும்பி வருவதே இல்லை. 2024 சனவரி 23 அன்று ஃபோர்ட் ஸ்மித் என்ற சிற்றூரிலிருந்து டயாவிக் தொழிலாளர்களை ஏற்றிச் சென்ற சிறு விமானம், புறப்பட்ட சற்று நேரத்தில் விழுந்து நொறுங்கியது. அதில் இருந்த ஏழு பேரில் ஆறு பேர் உயிரிழந்தனர். ஒருவர் மட்டுமே உயிர் பிழைத்தார். அனைவரும் ஒருவரையொருவர் அறிந்திருக்கும் சிற்றூர்களில் இந்த இழப்பு ஒரு சில வீடுகளோடு நின்றுவிடுமா?

இப்போது வேறொரு கவலையும் சேர்ந்துள்ளது. ஆய்வகத்தில் உருவாக்கப்படும் வைரங்களின் போட்டியால் சுரங்க வைரத்தின் விலை சரிந்துள்ளது. டயாவிக் சுரங்கத்தில் உற்பத்தி 2026ல் முடிவடையும் என அறிவிக்கப்பட்டது. சுரங்கம் மூடினாலும் பைன் பாயிண்ட் போல ஓர் ஊர் இடிக்கப்படாது, உண்மைதான். ஆனால் விமானம் வருவது நின்ற பிறகு, அந்த ஊதியத்தை நம்பியிருந்த குடும்பங்கள் எதைக் கொண்டு வாழும்? இடிந்த ஊர் கண்ணுக்குத் தெரியும். பல ஊர்களில் சிதறிக் கிடக்கும் வேலையிழப்பு எளிதில் தெரியாது.

எனவே ஒரு வேலையின் மதிப்பை ஊதியத்தைக் கொண்டு மட்டும் நாம் அளந்துவிட முடியாது. அங்கே சென்றடையும் பயணம் பாதுகாப்பானதா, வீட்டில் காத்திருப்போருக்கு யார் துணை, வேலை முடிந்தபின் மாற்று வழி என்ன என்ற மூன்று கேள்விகளும் அந்தக் கணக்கில் சேர வேண்டும். தொழிலாளரைச் சுரங்கம்வரை அழைத்துச் செல்வோர், அவரை நலமாக வீடு சேர்க்கும் பொறுப்பையும் ஏற்பதே நீதி.