பொருள் குடியிருக்கும் வீடுகள்

வீட்டை ஒழுங்காக வைத்துக்கொள்ளத் தெரியாதவர்கள் என்று நம் பெண்கள்மீது சுமத்தப்படும் பழியை நாம் ஏற்பதற்கில்லை. ஒழுங்குக்கு முதற்பகை சோம்பல் அன்று. இடத்துக்கு மீறிய பொருளே. அப்பொருளை வீட்டுக்குள் கொண்டுவந்து குவித்தவர்களோ பெரும்பாலும் அவ்வீட்டுப் பெண்கள் அல்லர். குவித்தவர் ஒருவர், அதைத் துடைத்தும் தூக்கியும் தூசி தட்டியும் ஆயுளைக் கழிப்பவர் மற்றொருவர். இந்த அநீதியைப் பேசாமல் வீட்டொழுங்கைப் பற்றி எத்தனை அறிவுரை வழங்கினாலும் அது வெற்றுரையே.

மீன்சுருட்டியை எடுத்துக்கொள்வோம். சென்னை–கும்பகோணம் நெடுஞ்சாலையும், சிதம்பரத்திலிருந்து செயங்கொண்டம் வழியாகத் திருச்சி செல்லும் சாலையும் கூடுகின்ற ஊர் அது. சுற்றிலும் முந்திரிக் காடும் கடலைக் கொல்லையும். விடியுமுன் எழுந்து அடுப்பு மூட்டி, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி, கொல்லைக்கோ கடைக்கோ ஓடி, பொழுது சாய்ந்து திரும்பும் பெண்கள் வாழும் வட்டாரம். கணவன் வளைகுடாவிலோ திருப்பூரிலோ இருப்பான். வீட்டில் முதியவர்களும் குழந்தைகளும். இத்தகைய குடும்பத்திடம் போய், "உன் வீட்டில் இருக்கும் ஒவ்வொரு பொருளையும் கையிலெடுத்துப் பார், அது உன் உள்ளத்தில் மகிழ்ச்சியை உண்டாக்குகிறதா என்று கேள், இல்லையெனில் நன்றி கூறி விடைகொடு" என்று போதிக்கும் ஒரு கலை உலகெங்கும் புகழ்பெற்றிருக்கிறது. ஜப்பானியப் பெண்மணி மாரி கோண்டோவின் நூல் 2014இல் ஆங்கிலத்தில் வெளிவந்து பல இலட்சம் படிகள் விற்றது. 2019இல் அது நெட்ஃபிளிக்ஸ் தொடராகவும் வந்தது. அரிவாள்மணையும் களைக்கொத்தும் சாணிக்கூடையும் எவருடைய உள்ளத்தில் மகிழ்ச்சியை உண்டாக்கும்? அவை இல்லாவிட்டால் அடுத்த வேளைச் சோறு இல்லை. அவ்வளவே அவற்றின் தகுதி. அந்த அம்மையாரே மூன்றாம் குழந்தை பிறந்தபின், தம் வீட்டை முன்போல் ஒழுங்காக வைத்திருக்கும் முயற்சியை ஏறக்குறையக் கைவிட்டுவிட்டதாக 2023இல் கூறினார். அதற்காக அவரை எள்ளி நகையாட நாம் விரும்பவில்லை. மாறாக, அவர் சொன்னவற்றுள் நமக்கு மிகவும் பயன்பட்டது அந்த ஒரு வாக்குமூலந்தான்!

இதைவிடக் கேலிக்குரியது ஒன்றுண்டு. பொருளைக் குறைப்பதற்கென்றே பொருள் விற்கிறார்கள். அடுக்குப் பெட்டி, தொங்கு பை, மூடியிட்ட பிளாஸ்டிக் கூடை என்று ஒழுங்குக்காக வாங்கிய சாமான்களே பரணில் ஏறிக்கிடக்கும் வீடுகளை நாம் அறிவோம்.

இனி, குவியலின் ஊற்றுக்கண்ணுக்கு வருவோம். நம் வீடுகளில் உள்ள பொருள்களுள் சரிபாதியேனும் ஒரே நாளில் வந்திறங்கியவை. அது திருமண நாள். கட்டில், மெத்தை, பீரோ, முகம் பார்க்கும் கண்ணாடி மேசை, குளிர்பதனப் பெட்டி, சலவை இயந்திரம், அண்டா, குண்டான், தவலை, தாம்பாளம், குடம், பத்துப் பேருக்குச் சோறு கொண்டுபோகும் அடுக்குத் தூக்கு என்று பாத்திரக் கடையில் தொகுப்பாகவே கட்டிக் கொடுக்கிறார்கள். லாரியில் ஏற்றித் தெரு முழுவதும் பார்க்கும்படி கொண்டுவந்து இறக்கினால்தான் பெண்வீட்டாருக்குக் கௌரவமாம். மணமகனுக்கு எத்தனை சதுர அடி வீடு என்று அப்போது ஒருவரும் கேட்பதில்லை.

அரசின் கலைஞர் கனவு இல்லம் திட்டத்தில் 2024 முதல் கட்டப்படும் வீட்டின் பரப்பு 360 சதுர அடி. அதற்கு முன் 2011இல் தொடங்கிய பசுமை வீட்டுக்கு 300 சதுர அடி. ஆறரை அடி நீளமும் ஐந்தடி அகலமும் உள்ள ஒரு சீர்க்கட்டில் மட்டுமே 300 சதுர அடி வீட்டில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் விழுங்கிவிடும். பீரோவும் பெட்டிகளும் நின்ற இடம் போக, பாய் விரித்துப் படுக்கக் குழந்தைகளுக்கு எஞ்சுவது கதவோரம். 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் நூற்றுக்கு 37 குடும்பங்கள் ஒரே அறையில் வாழ்ந்தன. அந்த அறைக்குள்ளும் சீர் வந்துதான் சேர்ந்தது.

மஹர் கொடுத்து மணமுடிக்கக் கடமைப்பட்ட சமுதாயம் நம்முடையது. கைக்கூலி வாங்கமாட்டோம் என்று ஜமாஅத் கூட்டத்தில் கைதூக்கியவர்கள்கூடச் சீர்ச்சாமானை மட்டும் கணக்கில் சேர்ப்பதில்லை. "பெண்ணுக்குப் பெற்றோர் ஆசையாகக் கொடுப்பதைத் தடுக்க முடியுமா?" என்பது அவர்கள் வாதம். ஆசையாகக் கொடுப்பதானால் பெண்ணிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டுமல்லவா? அவள் தையல் இயந்திரம் கேட்டிருக்கக்கூடும். புத்தக அலமாரி கேட்டிருக்கக்கூடும். ஒன்றும் வேண்டாம், படிப்பை முடிக்க விடுங்கள் என்றுகூடச் சொல்லியிருக்கக்கூடும். கேட்டால் இப்படி ஏதாவது சொல்லிவிடுவாள் என்பதனால்தானோ என்னவோ, கேட்கும் வழக்கமே இல்லை.

இங்கே சட்டத்தையும் நினைவூட்ட வேண்டியிருக்கிறது. 1961ஆம் ஆண்டு வரதட்சணைத் தடைச் சட்டத்தின்கீழ் 1985இல் விதிகள் வகுக்கப்பட்டன. திருமணத்தில் அளிக்கப்படும் அன்பளிப்புகளுக்கு எழுத்தில் பட்டியல் இருக்க வேண்டும். என்ன பொருள், தோராய மதிப்பு என்ன, கொடுத்தவர் யார், அவர் என்ன உறவு என்பவை அதில் இடம்பெற வேண்டும். மணமக்கள் இருவரும் கையெழுத்திட வேண்டும். எத்தனை வீட்டில் அப்படியொரு பட்டியல் இருக்கிறது? பட்டியல் எழுத உட்கார்ந்தாலே பாதிப் பொருள் தேவையற்றதென்று இரு வீட்டாருக்கும் புலப்பட்டுவிடும். மேலும், பெண்ணுக்கென வந்த பொருள் பெண்ணுடையது. அவளுடைய அண்டாவை அவளைக் கேளாமல் நாத்தனாருக்குத் தள்ளிவிடுவதும், இடத்தை அடைக்கிறதென்று விற்பதும் ஒழுங்கு ஆகாது. வைத்துக்கொள்வதா, விற்பதா, கொடுப்பதா என்று முடிவுசெய்யும் உரிமை அவளுக்கே உண்டு.

ஏழை வீட்டில் பழைய பாத்திரம் ஏன் தங்குகிறது என்பதையும் அறியாமல் பேசக்கூடாது. பித்தளைக்கும் வெண்கலத்துக்கும் எடைக்கு விலை உண்டு. மழை பொய்த்த ஆண்டில் அடகுக் கடைக்கும் பழைய இரும்புக் கடைக்கும் போய் அரிசியாகத் திரும்பி வந்தவை அவை. அவற்றைக் குப்பை என்பவர் பசியை அறியாதவர். ஆனால் எவர்சில்வர் பூச்சுப் பாத்திரமும் பிளாஸ்டிக் குடமும் அத்தகைய சேமிப்பு அல்ல. வாங்கிய அன்றே விலையிழந்தவை. பழைய சேலைக்குப் பிளாஸ்டிக் வாளி கொடுக்கும் வியாபாரி தெருவில் வரும்போது, துணிமூட்டை குறைகிறது என்று மகிழ்கிறோம். வாளி ஏழாவதாகிறது என்பதை எண்ணுவதில்லை. பெரிய தேக்சாக்களைப் பொறுத்தவரை நம் முன்னோர் நல்ல வழி கண்டிருந்தார்கள். ஊர்ப் பொதுவில், பள்ளிவாசல் பொறுப்பில், விருந்துப் பாத்திரங்கள் இருக்கும். வேண்டியவர் எடுத்துப் பயன்படுத்தித் துலக்கித் திருப்பித் தருவார்கள். ஆண்டுக்கு ஒரு விருந்துக்காக ஒவ்வொரு வீட்டிலும் ஓர் அண்டா 364 நாள் கவிழ்ந்து கிடக்க வேண்டியதில்லை.

அரசு கொடுத்தவையும் சிறிதன்று. 2006க்குப்பின் வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டி வந்தது. 2011க்குப்பின் மிக்சியும் கிரைண்டரும் மின்விசிறியும் வந்தன. உழைக்கும் பெண்ணின் கைவலியைக் குறைத்தவை என்பதால் அவற்றை நாம் பழிக்கமாட்டோம். ஆனால் பழுதானபின் அவை எங்கே போயின? மொட்டை மாடியிலும் கொல்லைப்புறத்திலும் மழையில் நனைந்துகொண்டிருக்கின்றன, அவற்றுக்கு முன் ஓய்வுபெற்ற ஆட்டுக்கல்லோடும், தேய்ந்த டயரோடும், மூக்குடைந்த குடத்தோடும் சேர்ந்து. இது வெறும் அழகுக் குறைவு அன்று. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு குளத்தையும் ஆற்றையும் நாடுவதில்லை. இப்படிப்பட்ட பாத்திரங்களில் தேங்கும் கையளவு தெளிந்த நீரையே நாடுகிறது. முட்டை கொசுவாகப் பறக்க ஏழு முதல் பத்து நாள் போதும். நீர் வற்றினாலும் முட்டை மாதக்கணக்கில் உயிரோடு ஒட்டிக்கிடந்து அடுத்த மழையில் பொரிக்கும். 2017இல் தமிழகத்தை டெங்கு உலுக்கியபோது, இத்தகைய நீர் தேங்கிய வீடுகளுக்கு அதிகாரிகள் அபராதம் விதித்தார்கள். ஆகவே வாரத்தில் ஒருநாள் கொல்லையையும் மாடியையும் சுற்றிவந்து, கவிழ்க்க வேண்டியதைக் கவிழ்த்து, கழிக்க வேண்டியதைப் பழைய சாமான்காரரிடம் கொடுத்துவிடுவது குழந்தையின் உயிரைக் காக்கும் வேலை. கொளுத்திவிடலாம் என்பவர்களுக்கு ஒரு சொல்: டயரும் பிளாஸ்டிக்கும் எரிந்த புகை உங்கள் வீட்டு மூச்சுக்குள்தான் வந்து சேரும்.

ஒழுங்கின் பயனை உள்ளபடி உணர்த்தும் இடம் ஒன்றுண்டென்றால் அது காகிதம். விக்கிரவாண்டியிலிருந்து தஞ்சாவூர்வரை நெடுஞ்சாலையை நான்கு வழியாக விரிவாக்கும் பணிக்கு மீன்சுருட்டி வட்டாரமும் நிலம் கொடுத்தது. இவ்வாறு சாலைக்கு நிலம் போகும்போது இழப்பீடு கேட்பவர் தாய்ப்பத்திரம் காட்ட வேண்டும். பட்டா காட்ட வேண்டும். வில்லங்கச் சான்றும், நிலத்துக்குடையவர் மறைந்திருந்தால் இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் காட்ட வேண்டும். நோட்டீசு வந்தபின் பத்திரத்தைத் தேடுகிறவர்கள் நாம். அது பாட்டனார் காலத்து டிரங்குப் பெட்டியில் இருக்கும் என்பார் ஒருவர். சித்தப்பா வாங்கிப்போனார் என்பார் மற்றொருவர். எடுத்துப் பார்த்தால் கறையான் நமக்கு முன்பே படித்து முடித்திருக்கும். முப்பது குடங்களைப் பளபளவென்று துலக்கி வரிசையாக அடுக்கியிருக்கும் வீட்டில் ஒரே ஒரு பத்திரத்துக்கு இடம் இல்லாமற் போனது எதனால்?

கணவன் கடல்கடந்திருக்கும் வீடுகளில் இது இன்னும் கொடியது. பத்திரம் எங்கே இருக்கிறது என்பதே மனைவிக்குத் தெரியாது. கேட்டால் சந்தேகப்படுகிறாள் என்ற பேர். நாளை அவனுக்கு ஏதேனும் நேர்ந்தால் அவள் யார் வாசலில் போய் நிற்பாள்? ஆகவே எதை ஒழுங்குபடுத்தாவிட்டாலும் இதை ஒழுங்குபடுத்துங்கள். ஈரம் ஏறாத பெட்டி ஒன்று. அதனுள் பத்திரம், பட்டா, வீட்டுவரி ரசீது, குடும்ப அட்டை, பிறப்பு இறப்புச் சான்றுகள், பிள்ளைகளின் தடுப்பூசி அட்டை, மதிப்பெண் சான்று, நகைக்கடன் ரசீது, திருமணப் பதிவுச் சான்று. ஜமாஅத்தின் தஃப்தரில் எழுதியிருக்கிறதே என்று திருமணப் பதிவை விட்டுவிடக்கூடாது. 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி தமிழ்நாட்டில் எல்லாச் சமயத்தாரும் திருமணத்தை அரசிடம் பதிவுசெய்தாக வேண்டும். பெட்டியின் திறவுகோல் இருக்குமிடம் கணவன் மனைவி இருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். நகல் ஒன்று வேறு வீட்டில் இருப்பது நல்லது.

இவ்வளவும் செய்ய நேரம் எங்கே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி, ஆனால் யாருடைய நேரம்? 2019இல் மைய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, கூலியில்லா வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்கு 299 நிமிடம் செலவிட்டார்கள். ஆண்கள் 97 நிமிடம். அந்த 97 நிமிடமும் வேலை செய்யும் ஆண்களின் கணக்கே. நூற்றுக்கு 26 ஆண்களே அந்தக் கணக்கில் வந்தார்கள். எஞ்சிய 74 பேர் எடுத்த துண்டை எடுத்த இடத்தில் வைத்தாலே வீடு பாதி ஒழுங்குபெறும். நாள்தோறும் கால்மணி நேரம், பிள்ளைகள் ஆணும் பெண்ணுமாக, அவரவர் புத்தகத்தையும் துணியையும் தட்டையும் அதனதன் இடத்தில் சேர்த்துவிட வேண்டும். ஆண்பிள்ளையைத் தொழுகைக்கு எழுப்பிப் பழக்கும் தாய் தந்தையர், படுத்த பாயைச் சுருட்டவும் அவனைப் பழக்கலாம். சுருட்டாத பாயைத் தங்கை சுருட்டுவாள் என்று விட்டுவைத்துத்தான் நாளைக்கு ஒரு மனைவியின் முதுகை முறிக்கும் கணவனை நாம் வளர்த்துக்கொண்டிருக்கிறோம்.

பரணைக் காலிசெய்யப் புறப்படுவோரிடம் ஒன்று கேட்டுக்கொள்ள வேண்டும். இதே வட்டாரத்தில், அரியலூரிலும் குன்னத்திலும் இளமையைக் கழித்துத் தமிழ் கற்றவர் உ.வே. சாமிநாதையர். அவர் ஊர் ஊராய் அலைந்து தேடிய ஏடுகள் பல, வீடுகளில் பயனற்ற குப்பை என்று ஒதுக்கப்பட்டிருந்தவை. கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் பழுதாகிவிட்டன என்று ஏடுகளை நெருப்பிலிட்டதை அவர் வருந்தி எழுதியிருக்கிறார். நம் வீட்டுப் பரண்களிலும் அரபுத்தமிழில் எழுதிய கிதாபுகளும், பாட்டிமார் பாடிய மாலைகளும், பழைய ஏடுகளும் துணிச்சுருளுக்குள் கிடக்கக்கூடும். சீர்ப்பாத்திரத்தைத் தொடத் தயங்கும் கை, இவற்றை மட்டும் தயங்காமல் எடைக்குப் போட்டுவிடுகிறது. எடைக்கல்லில் ஏற்றுமுன் எழுத்துள்ள தாள் எதுவானாலும் தனியே எடுத்து வைத்து, வாசிக்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள். அரபுத்தமிழ் தெரிந்த முதியவர்கள் சிற்றூர்களில் இன்னும் இருக்கிறார்கள்; அவர்களைத் தேடிப்போக ஒரு வெள்ளிக்கிழமை மாலை போதும்.