திறப்பு நாள் யாருக்கு?

சென்ற சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சங்கக் கிளைக் கூட்டத்துக்காகத் தேவிகுளத்தை அடுத்த ஒரு லயத்துக்குச் சென்றிருந்தோம். கூட்டம் முடிந்து கட்டஞ்சாயா குடித்துக்கொண்டிருந்தபோது, அங்கிருந்த இளைஞர் ஒருவர் தமது கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினார். அவரோடு அதே லயத்தில் வளர்ந்து, படித்து முன்னேறி, இன்று அமெரிக்காவில் மிசௌரி மாநிலத்தில் வேலை பார்க்கும் நண்பர் அனுப்பிய படம் அது. நண்பரோடு வேலை பார்க்கும் வெள்ளைக்காரர் ஒருவர், இலையும் தழையும் அச்சிட்ட உடுப்போடு, செத்த காட்டு வான்கோழி ஒன்றைத் தோளில் தொங்கவிட்டுச் சிரித்துக்கொண்டு நிற்கிறார். அன்று வேட்டைப் பருவம் திறந்த முதல் நாளாம்.

படத்தைக் காட்டியவர் சும்மா காட்டவில்லை. "ஏண்ணே, அந்த ஊர்ல ஃபாக்டரியில வேலை பாக்குறவனும் காசக் கட்டிச் சீட்டு வாங்கிட்டுக் காட்டுக்குள்ள போய்ச் சுடுறான். நம்ம பய ஒரு காட்டுக்கோழிக்குக் கண்ணி வச்சா மட்டும் ஜெயிலா? இது என்ன நியாயம்?" என்று கேட்டார். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். நமக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த லயத்தில் யாரோ கண்ணி வைக்கிறார்கள் என்பது அந்தச் சிரிப்பிலேயே தெரிந்தது.

நாம் மெட்ரிகுலேஷனோடு நின்றவர்கள். ரயில்வே பார்சல் ஆபீசில் குமாஸ்தா. சட்டப் புலமை நமக்கு இல்லை. ஆயினும் அந்தக் கேள்வியைச் சிரித்துத் தள்ளிவிட மனம் வரவில்லை. கேட்டறிந்ததையும் படித்தறிந்ததையும் வாசகர்கள் முன் வைக்கிறோம்.

முதலில் அந்த வான்கோழியின் கதை. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பல மாநிலங்களில் காட்டு வான்கோழி அறவே இல்லாது போயிற்று. காட்டை வெட்டினார்கள், வரைமுறையின்றிச் சுட்டார்கள், சந்தையில் விற்றார்கள். பிறகுதான் புத்தி வந்தது. 1937இல் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் விதிக்கும் வரியைக் காட்டு விலங்குகளின் பாதுகாப்புக்கே செலவிட வேண்டும் என்று ஒரு சட்டம் செய்தார்கள். எஞ்சியிருந்த பறவைகளை வலை வீசி உயிரோடு பிடித்து, அழிந்துபோன காடுகளில் கொண்டுபோய் விட்டார்கள். மிசௌரியில் 1960இல்தான் மறுபடி வசந்தகால வேட்டையைத் திறந்தார்கள். அதுவும் மூன்றே நாள், சில மாவட்டங்களில் மட்டும். இன்று அங்கே ஏப்ரல் மாதத்து மூன்றாம் திங்கட்கிழமை திறப்பு நாள். சீட்டு வாங்க வேண்டும். சேவலைத்தான் சுடலாம், நெஞ்சில் தாடி போலத் தொங்கும் மயிர்க்கற்றைதான் அடையாளம். பெட்டை அப்போது முட்டையிட்டு அடைகாக்கும் காலம் என்பதால் அதன்மேல் கை வைக்கலாகாது. கொன்ற பறவையை அன்றிரவுக்குள் அரசாங்கத்தில் பதிவு செய்தாக வேண்டும்.

வேட்டை முறையும் வேடிக்கையானது. விடியுமுன் மரத்தில் முதுகைச் சாய்த்து அசையாமல் உட்கார்ந்து, பெட்டை கூப்பிடுவது போல ஒலி எழுப்புவார்களாம். அதை நம்பித் தோகை விரித்துக்கொண்டு சேவல் வரும். சேவலின் தலை சிவப்பும் வெள்ளையும் நீலமுமாக இருப்பதால், அந்த நிறங்களில் எதையும் உடுத்திக்கொண்டு காட்டுக்குள் போகாதீர்கள், இன்னொரு வேட்டைக்காரன் உங்களையே சுட்டுவிடுவான் என்று எச்சரிக்கிறார்கள். சிவப்புத் துண்டு போட்ட நமது தோழர்கள் அந்தப் பக்கம் போகாதிருப்பது நலம்!

ஆக, அங்கே ஒரு தொழிலாளி சீட்டு வாங்கிச் சுடுகிறான் என்றால், அதற்குப் பின்னால் அழித்ததை மீட்க உழைத்த பல பத்தாண்டுகள் இருக்கின்றன. காசு கட்டினால் தொழிலாளிக்கும் சீட்டுக் கிடைக்கிறது. நம் மலையில் நடந்தது என்ன?

நம் மலையிலும் சீட்டு இருந்தது, பருவம் இருந்தது, முதல் நாள் இருந்தது. அவையெல்லாம் துரைமாருக்கு இருந்தன.

1877இல் மன்றோ துரை பூஞ்ஞாற்று ராஜாவிடம் கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்குப் பெற்றார். காடு தோட்டமாயிற்று. தேயிலைக்கு ஆகாத உயர்ந்த புல்மேடாகிய இரவிகுளம் துரைமாரின் வேட்டைக் களமாயிற்று. 1928இல் அவர்களே ஒரு வேட்டைப் பாதுகாப்புச் சங்கம் அமைத்துக்கொண்டார்கள். எந்த மிருகத்தை எப்போது சுடலாம், எத்தனை சுடலாம் என்பதை அந்தச் சங்கமே தீர்மானித்தது. காட்டுக்குக் காவல் முதுவர் குடிமக்கள். மிருகத்தின் தடம் கண்டு துரையை அழைத்துப் போனவர்களும் அவர்களே. வரையாட்டில் முதுகு வெளுத்த கிழட்டுக் கிடாதான் துரைமாருக்குப் பெருமை. அதன் தலையைப் பாடம் செய்து பங்களாச் சுவரில் மாட்டுவார்கள்.

நமது பாட்டனார் அந்தக் காலத்தில் ஒரு தோட்டத்தில் வேலை செய்தவர். வேட்டைக்குத் துரை கிளம்பினால் கூடாரம், கட்டில், சமையல் பாத்திரம், சாராயப் புட்டி எல்லாவற்றையும் தலையில் சுமந்து மலையேறியவர்களில் அவரும் ஒருவர். காடு கலைக்கும் வேலையும் உண்டு. தகரத்தைத் தட்டிக்கொண்டு ஒரு பக்கமிருந்து கூச்சலிட்டு வர வேண்டும். மிரண்டு ஓடும் மிருகம் மறுபக்கம் துப்பாக்கி முனையில் போய் விழும். அன்றைக்கு அரைப்பேர் போட்டதாகச் சொல்வார். வேட்டையில் சலித்தால் துரைமார் ஓடையில் தூண்டில் போட உட்காருவார்கள். அந்தத் தூண்டிலில் பூச்சி போலக் கட்டும் இறகு எது தெரியுமா? நமது காட்டுச் சேவலின் கழுத்து இறகு! அரக்குப் பொட்டு வைத்தது போல மினுங்கும் அந்த இறகுக்குச் சீமையில் அவ்வளவு கிராக்கி. நம் நாட்டிலிருந்து கப்பலேறிக் கொண்டேயிருந்தது. 1960களின் பிற்பகுதியில் அரசாங்கம் ஏற்றுமதியைத் தடுத்த பிறகுதான் நின்றது.

அதே பாட்டனார் சொன்ன இன்னொரு சேதி. அவர் வேலை செய்த தோட்டத்தில், பிள்ளைத்தாய்ச்சி மனைவிக்குக் கறிச்சாறு கொடுக்க ஆசைப்பட்டு ஒருவர் ஓடைக்கரையில் கண்ணி வைத்துக் காட்டுக்கோழி பிடித்தார். கங்காணி மூலம் ஆபீசுக்குச் சேதி போயிற்று. செக்ரோலில் பேரை வெட்டினார்கள். இரவோடு இரவாக லயத்தைக் காலி செய்து, மலையிறங்கிப் போடிக்குப் போனார்களாம். துப்பாக்கியால் கொன்றவர் கனவான். கண்ணியால் பிடித்தவர் திருடர்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். துரைமாரின் அந்தக் காவல் இல்லாதிருந்தால் வரையாடு அன்றே அழிந்திருக்கும். காரணம் எதுவாயினும் ஆடு பிழைத்தது.

பிறகு காலம் மாறியது. 1971இல் கேரள அரசு சட்டம் செய்து கண்ணன் தேவன் மலைகளில் தோட்டம் அல்லாத நிலத்தை எடுத்துக்கொண்டது. விவசாயிகளுக்கும் விவசாயத் தொழிலாளருக்கும் நிலம் தருவதும் அச்சட்டத்தின் நோக்கங்களில் ஒன்று. நம்மவர் எத்தனை பேருக்குக் கிடைத்தது என்பதை வாசகர்கள் அறிவீர்கள். இரவிகுளம் 1975இல் சரணாலயமாகவும் 1978இல் தேசியப் பூங்காவாகவும் ஆயிற்று. இதற்கிடையில் 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. தொடக்கத்தில் அச்சட்டமும் உரிமம் பெற்றுச் சிலவற்றை வேட்டையாட ஒரு வாசலைத் திறந்து வைத்திருந்தது. 1991இல் திருத்தம் செய்து அந்த வாசலையும் அடைத்தார்கள். அன்றுமுதல் பொழுதுபோக்கு வேட்டைக்கு எவருக்கும் சீட்டு இல்லை. எஸ்டேட் மானேஜருக்கும் இல்லை, மந்திரிக்கும் இல்லை. 2006இன் வன உரிமைச் சட்டம் பழங்குடி மக்களுக்குப் பல உரிமைகளை வழங்கியது. ஆனால் வேட்டையை மட்டும் வெளிப்படையாக விலக்கி வைத்தது. தலைமுறை தலைமுறையாகத் தடம் பார்த்த முதுவருக்கே இல்லாத உரிமையை நாம் எப்படிக் கேட்பது?

எனவே அந்த இளைஞருக்கு நமது பதில் இதுதான்: இந்த மலையில் துரைக்கும் கூலிக்கும் ஒரே விதி என்று முதன்முதலாக வந்தது இந்தத் தடைதான். அதை உடைப்பதில் நமக்கு லாபமில்லை.

அதோடு, கண்ணி என்பது மிசௌரிக்காரர் துப்பாக்கியைப் போலக் கூடக் கண் உள்ளதல்ல. மாசி முதல் வைகாசி வரை காட்டுக்கோழி முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும் காலம். மோட்டார் சைக்கிள் கிளட்ச் கம்பியில் போட்ட சுருக்குக்குச் சேவல் எது, பெட்டை எது என்று தெரியுமா? பன்றிக்கு வைத்ததில் சிறுத்தை விழும். 2021 ஜனவரியில் நம் இடுக்கி மாவட்டத்து மாங்குளத்தில் சிறுத்தையைக் கண்ணியில் பிடித்துக் கறி சமைத்ததாக ஐந்து பேரைக் கைது செய்த செய்தி நினைவிருக்கும். சிறுத்தை, வரையாடு போன்ற முதல் அட்டவணை விலங்கு என்றால் மூன்று ஆண்டுக்குக் குறையாத சிறை. வீட்டில் கறி இருந்தாலே போதும், அது முறைகேடாக வந்ததல்ல என்று நிரூபிக்கும் பாரம் நம் தலையில். வக்கீல் வைக்க வசதியுள்ளவனுக்கு அது ஒரு வழக்கு. லயத்துப் பையனுக்கு வேலை போகும், அப்பனின் வேலையோடு ஒட்டிய வீட்டுக்கும் ஆபத்து வரும்.

கண்ணி வைப்பதை இவ்வளவு கண்டித்த நமக்கு, அரசாங்கத்திடமும் கேட்க வேண்டியது இருக்கிறது. வரையாடு குட்டி ஈனும் காலமென்று ஆண்டுதோறும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் இரவிகுளத்தின் வாசலை அடைக்கிறார்கள். ஏப்ரலில் மறுபடி திறக்கிறார்கள். இன்று நம் மலையில் உள்ள திறப்பு நாள் அதுதான். தோளில் துப்பாக்கிக்குப் பதில் கேமராவோடு வரிசையில் நிற்கிறார்கள். ஆட்டுக்குப் பேறுகால அமைதி தருவதில் நமக்கு மனக்குறை இல்லை, மகிழ்ச்சியே. ஆனால் ஆட்டுக்குட்டிக்காக இவ்வளவு யோசிக்கத் தெரிந்தவர்கள், விடியற்காலையில் கொழுந்துக் கூடையோடு போகும் நமது பெண்களுக்காக எவ்வளவு யோசித்தார்கள்? 2024 பிப்ரவரியில் கன்னிமலை எஸ்டேட்டில் இரவு ஆட்டோ ஓட்டி வந்தவரை யானை கொன்றது. அரிக்கொம்பன் அரிசிக்காக ரேஷன் கடையை உடைத்து உடைத்தே பெயர் வாங்கியது. 2023 ஏப்ரலில் அதைச் சின்னக்கானலிலிருந்து பிடித்துக் கொண்டுபோனார்கள், அது கம்பத்துக்கு வந்து நின்றது. இரண்டு மாநிலங்களும் ஒரு யானையை மாற்றி மாற்றிப் பிடித்தன. எல்லை தாண்டிய யானைக்குக் கிடைத்த கவனம் எல்லை தாண்டி வந்த நமக்கு எப்போது கிடைத்தது?

இந்த நிலையில் 'துப்பாக்கியைத் திறந்துவிடு' என்ற குரல் மலையோரத்தில் வலுத்து வருகிறது. பயிரை இழந்த விவசாயியின் கண்ணீரை நாம் மதிக்கிறோம். 2022 மே மாதம் கேரள அரசு, பயிரை அழிக்கும் காட்டுப்பன்றியைச் சுட உத்தரவிடும் அதிகாரத்தை ஊராட்சிகளுக்குத் தந்தது. சுடுவது யார்? துப்பாக்கி உரிமம் உள்ளவர்கள். நமது லயங்களில் துப்பாக்கி உரிமம் உள்ளவர் ஒருவரைக் காட்டுங்கள் பார்ப்போம். பயிரும் நிலமும் இருப்பவனிடமே துப்பாக்கியும் இருக்கும். நம்மைக் கூப்பிட்டால் தகரம் தட்டக் கூப்பிடுவார்கள். சுட்ட பன்றியைத் தின்னக் கூடாது, புதைக்க வேண்டும் என்பது விதி. குழி வெட்டவும் நம்மைத்தான் கூப்பிடுவார்கள். பன்றியோடு நிற்காமல் மற்ற மிருகங்களுக்கும் இந்த வாசல் அகலுமானால், பழைய சீட்டும் பழைய துரையும் வேறு உடுப்பில் திரும்பி வருவார்கள் என்பது நமது அச்சம். பாட்டனார் வாங்கிய அரைப்பேரைப் பேரன் வாங்க வேண்டாம்.

துப்பாக்கிக்குப் பதிலாக நாம் கேட்பவை பெரிய காரியங்கள் அல்ல. லயத்திலிருந்து கக்கூசுக்கும் தண்ணீர்க் குழாய்க்கும் போகிற வழியில் எரியும் விளக்கு. யானை வந்த சேதி, காட்டிலாகாவிடமிருந்து கொழுந்துக்குப் போகுமுன் லயத்துக்கு எட்ட ஓர் ஏற்பாடு. அதுவும் நம் பெண்களுக்குப் புரியும் தமிழில். யானை மிதித்து இறந்தவர் குடும்பத்துக்கு நஷ்டஈடு, ரேஷன் கார்டு ஒரு மாநிலத்திலும் ஓட்டு இன்னொரு மாநிலத்திலும் இருக்கிறது என்ற சாக்கில் இழுத்தடிக்கப்படாமல் கிடைக்க வேண்டும். குப்பையை லயத்துக்குப் பின்னால் கொட்டிப் பன்றியை அழைப்பது நாமும் நிறுத்த வேண்டிய காரியம். தோட்ட நிர்வாகம் குப்பை அள்ள வண்டி விட வேண்டும்.

இவற்றை எழுதித் தேவிகுளம் சப்-கலெக்டர் அலுவலகத்துக்கு ஒரு மனு தயாராகிறது. அடுத்த மாதம் முதல் ஞாயிறு காலை பத்து மணிக்குக் கிளை அலுவலகத்தில் கையெழுத்து வாங்கப்படும். பெண்கள் தவறாமல் வர வேண்டும். ஆதார் அட்டை நகலும் ரேஷன் கார்டு நகலும் கொண்டு வரவும். அந்தப் படத்தைக் காட்டிய இளைஞர்தான் மனுவை மலையாளத்தில் எழுதித் தர ஒப்புக்கொண்டிருக்கிறார். சென்ற வாரம் நம்மைப் பார்க்க வந்தபோது, பழைய செய்தித்தாளில் சுற்றி நான்கு கிளட்ச் கம்பிச் சுருக்குகளையும் கொண்டு வந்து மேசைமேல் வைத்தார். யாருடையவை என்று நாம் கேட்கவில்லை.